ஆச்சிக்குக் கப்சூல் கொடுத்தோம், தண்ணீர் கொடுக்கவில்லை

 

பள்ளிக்கூட வாசலில் விற்கிற கலர் ஜூசைப் பற்றி எழுதியபோது, "சேருக்கு வேற வேலை இல்லையோ" என்று கேட்டவர்கள் இந்தப் பதிவைக் கண்டு இன்னும் கோபப்படக்கூடும். பரவாயில்லை. இது நீளமான பதிவு. உங்கள் வீட்டில் 65 வயதைத் தாண்டிய ஒருவர் இருந்தால் கடைசி வரை வாசியுங்கள். பிறகு திட்டுவதென்றால் திட்டுங்கள்.

எங்கள் பக்கத்து வளவில் ஓர் ஆச்சி இருக்கிறா. வயது 79. பிள்ளைகள் மூன்று பேரும் வெளிநாட்டில். புத்தளத்தில் இடம்பெயர்ந்து வளர்ந்த நாங்கள், வேலை மாற்றம் கிடைத்து அச்சுவேலிக்கு வந்த முதல் கிழமை, வாடகை வீட்டுக் கிணற்றில் மோட்டர் வேலை செய்யவில்லை. வேலிக்கு அந்தப் பக்கத்தில் இருந்து "தம்பி, இஞ்ச வந்து அள்ளுங்கோ" என்று கூப்பிட்டவ இந்த ஆச்சிதான். அன்று தொடக்கம் அவ எங்கள் வீட்டு மனிசி. அவவுக்கு நடந்ததை அவவிடம் கேட்டுத்தான் எழுதுகிறோம். "எழுது தம்பி, பேரை மட்டும் போடாத" என்று சொன்னா.

ஆச்சிக்குத் தடிமனும் இருமலும் வந்தது. மகன் கனடாவில் இருந்து போன் எடுத்தார். "சேர், காசு பிரச்சினை இல்லை, நல்ல மருந்தா வாங்கிக் குடுங்கோ." நாங்கள் ஒரு பாமசிக்குப் போனோம். எந்தப் பாமசி என்று கேட்காதீர்கள். சொல்லப் போவதில்லை. ஏனென்றால் பிழை ஒரு கடையுடையது மட்டும் அல்ல. துண்டு எதுவும் கேட்கவில்லை. "வயசு போனவவோ? அப்ப இதைக் குடுங்கோ" என்று 5 நாளுக்கு கோ-அமொக்ஸிக்ளாவ் தந்தார்கள். பிறகு ஒரு சின்னப் பெட்டியையும் எடுத்து வைத்தார்கள். "அன்ரிபயோட்டிக் குடிச்சா வயசானவைக்கு வயிறு கழியும். இது புரோபயோட்டிக். நல்ல கிருமி. இதையும் சேர்த்துக் குடுத்தா ஒண்டும் செய்யாது." அந்தப் பெட்டியின் விலை எங்கள் வீட்டின் ஒரு கிழமை மரக்கறிக் காசு. மகன் காசு அனுப்புகிறார்தானே. வாங்கினோம்.

வாங்கியது நாங்கள். இதை ஒளிக்கவில்லை.

மூன்றாம் நாள் வயிற்றோட்டம் தொடங்கியது. நாங்கள் பயப்படவில்லை. பெட்டி இருக்கிறதே. பாமசிக்குப் போன் எடுத்தால், "அதைத் தொடர்ந்து குடுங்கோ, சரியாகும்" என்றார்கள். காலையும் மாலையும் கப்சூல் தவறாமல் போனது. பிரசர் குளிசையும் சலம் போகிற குளிசையும் வழமைபோலப் போனது. தண்ணீர் மட்டும் போகவில்லை. மலசலகூடம் வளவின் பின்பக்கத்தில். இரவில் எத்தனை தரம் எழும்பி நடப்பது? யாரையாவது எழுப்ப வேண்டுமே என்ற கூச்சம். ஆச்சி தானாகவே தண்ணீர் குடிப்பதைக் குறைத்துவிட்டா. நாங்கள் கவனிக்கவில்லை.

ஐந்தாம் நாள் விடிய, கதவடியில் விழுந்து கிடந்தா. வாய் உலர்ந்து போய், எங்களைப் பார்த்துத் தன் தம்பியாரின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டா. 1990க்கு அடித்தோம். அம்புலன்ஸ் வந்தது.

வாட்டில் ஓர் இளம் வைத்தியர் கேட்டார்: "ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணி குடிச்சவ?" எங்களுக்குத் தெரியாது. "கடைசியா எப்ப சலம் போனது?" தெரியாது. "கப்சூல் எத்தனை மணிக்குக் குடுத்தனீங்கள்?" என்று கேட்டிருந்தால் நிமிடக் கணக்காகச் சொல்லியிருப்போம். அதை அவர் கேட்கவில்லை.

உடம்பில் நீர் வற்றி, சிறுநீரகம் அடிபட்டிருந்தது. சேலைன் ஏற்றினார்கள். இரண்டு கிழமை கழித்து வீட்டுக்கு வந்தா. அல்ஹம்துலில்லாஹ், உயிர் இருக்கிறது. ஆனால் கிணற்றடி வரை தனியாக நடந்து வந்த ஆச்சி இன்று வரை வோக்கர் இல்லாமல் முற்றத்தைத் தாண்டவில்லை.

எங்களுக்குக் கோபம் வந்தது. விஞ்ஞானம் படிப்பிக்கிற நாங்களே ஒரு பெட்டியை நம்பி ஏமாந்தோம் என்ற கோபம். அதனால் தேடி வாசித்தோம். வாசித்ததை இங்கே வைக்கிறோம்.

முதலில், அன்ரிபயோட்டிக் குடித்தால் ஏன் வயிறு கழிகிறது? எங்கள் பெருங்குடலில் கோடானுகோடி நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. நாங்கள் செரிக்காமல் விடுகிற மாவையும் நாரையும் அவை நொதிக்க வைத்து எங்களுக்குப் பயன்படும்படி மாற்றுகின்றன. கெட்ட கிருமிகளுக்கு அங்கே இடம் கொடுப்பதும் இல்லை. அன்ரிபயோட்டிக்குக்கு நல்லது கெட்டது தெரியாது. இரண்டையும் கொல்லும். செரிக்காதது குடலில் தங்கினால் தண்ணீரும் அதோடு தங்கி வெளியே போகும். பெரும்பாலும் இது இலேசாக வந்து, மருந்து முடிய நின்றுவிடும்.

ஆனால் ஒரு பொல்லாத வகை இருக்கிறது. குளொஸ்ட்ரிடியோய்டிஸ் டிஃபிசில் என்ற கிருமி, வெறுமையான இடத்தைப் பிடித்துப் பெருகி நஞ்சைச் சுரந்து குடலைப் புண்ணாக்கும். 65 வயதைத் தாண்டியவர்களுக்கும், ஆஸ்பத்திரியில் படுத்திருந்தவர்களுக்கும், பல அன்ரிபயோட்டிக் எடுத்தவர்களுக்கும் இதன் ஆபத்து அதிகம். கிளிண்டமைசின், சிப்ரோஃபுளொக்சசின் வகை, செஃபலோஸ்போரின் வகை, ஆச்சிக்குக் கொடுத்த கோ-அமொக்ஸிக்ளாவ் ஆகியவற்றுக்குப் பிறகு இது வரலாம். மருந்து முடிந்து சில கிழமைகள் கழித்தும் வரலாம்.

இப்போது அந்தப் பெட்டி. "கொல்லப்பட்ட நல்ல கிருமிக்குப் பதிலாகக் கப்சூலில் நல்ல கிருமியை அனுப்புவோம்" என்பதுதான் அதன் வாதம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. இந்த எண்ணம் புதியதும் அல்ல. 1908இல் நோபல் பரிசு பெற்ற மெச்னிகோஃப் என்ற ரஷ்ய விஞ்ஞானி, பல்கேரியக் கிராமத்தவர் நீண்ட காலம் வாழ்வதற்குப் புளித்த பால்தான் காரணம் என்று நம்பினார். ஜப்பானில் 1935இல் யாகுல்ட் விற்பனைக்கு வந்தது. நூறு வருடத்துக்கு மேலாக இந்த எண்ணம் விற்கப்படுகிறது. எண்ணம் அழகாக இருந்தால் போதாது. நடக்கிறதா என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

எண்ணிப் பார்த்திருக்கிறார்கள். எங்கள் வாதத்துக்கு எதிரானதை முதலில் சொல்லிவிடுகிறோம், மறைத்தோம் என்று யாரும் சொல்லக்கூடாது. 2007இல் லண்டன் ஆஸ்பத்திரிகளில் 135 முதியவர்களிடம் ஓர் ஆய்வு நடந்தது. புரோபயோட்டிக் பானம் குடித்தவர்களில் 100க்கு 12 பேருக்கு வயிற்றோட்டம். குடிக்காதவர்களில் 100க்கு 34 பேருக்கு. பெரிய வித்தியாசம். 2012இல் அமெரிக்காவில் 63 ஆய்வுகளை, 11,811 பேரின் கணக்கை, ஒன்றாகக் கூட்டிப் பார்த்தபோதும் வயிற்றோட்டம் வரும் ஆபத்து ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பங்கு குறைந்ததாகத் தெரிந்தது. பெட்டி விற்பவர்கள் காட்டுவது இந்தக் கணக்கைத்தான்.

அவர்கள் காட்டாத கணக்கு ஒன்று இருக்கிறது. லண்டன் ஆய்வு சிறியது. தகுதியில்லை என்று பலரைக் கழித்த பிறகு மிஞ்சியவர்களை வைத்துச் செய்தது. ஒப்பிடக் கொடுத்த பானமோ பால் கலந்த மில்க்ஷேக். பால் ஒத்துக்கொள்ளாத முதியவருக்கு அதுவே வயிற்றைக் கலக்கும் என்று அப்போதே கேள்வி எழுந்தது. 2012 கணக்கில் குழந்தைகளும் இளையவர்களும் பல விதமான வருத்தக்காரரும், பல விதமான கிருமிகளும் கலந்திருந்தன.

ஆகவே முதியவர்களை மட்டும் வைத்துப் பெரிதாக ஒன்று செய்தார்கள். தென் வேல்ஸிலும் வடகிழக்கு இங்கிலாந்திலும் 5 ஆஸ்பத்திரிகள். 65 வயதும் அதற்கு மேலும் உள்ள, அன்ரிபயோட்டிக் எடுத்த 2,981 பேர். பாதிப் பேருக்கு லக்டோபசிலசும் பிஃபிடோபக்டீரியமும் கலந்த கப்சூல் 21 நாள். மறு பாதிக்கு அதே போலத் தெரிகிற வெறும் கப்சூல். யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, கொடுத்தவருக்கும் தெரியாது. முடிவு 2013இல் லான்செட் சஞ்சிகையில் வந்தது. புரோபயோட்டிக் எடுத்தவர்களில் வயிற்றோட்டம் வந்தவர்கள் 10.8 வீதம். வெறும் கப்சூல் எடுத்தவர்களில் 10.4 வீதம்.

இன்னொரு தரம் வாசியுங்கள். 10.8, 10.4. வித்தியாசம் இல்லை. டிஃபிசில் கிருமியால் வந்த வயிற்றோட்டம் 0.8 வீதமும் 1.2 வீதமும். அதுவும் தற்செயலுக்கு அப்பால் எதையும் சொல்ல முடியாத வித்தியாசம்.

பிறகு 2016இல், வயது வாரியாகப் பிரித்து 30 ஆய்வுகளைக் கூட்டிப் பார்த்தார்கள். 18 முதல் 64 வயது வரை ஓரளவு பயன் இருந்தது. 65க்கு மேல் பயன் தெரியவில்லை. "வயசானவைக்கு இது கட்டாயம்" என்று சொல்லி எங்களுக்கு விற்றார்களே, அந்த வயதில்தான் ஆதாரம் மிகவும் மெலிந்து கிடக்கிறது.

நியாயமாகப் பேசுவோம். டிஃபிசில் கிருமி அதிகம் பரவியுள்ள ஆஸ்பத்திரிகளில் சில வகைப் புரோபயோட்டிக் உதவலாம் என்று 2017இல் வந்த கொக்ரேன் தொகுப்பு சொல்கிறது. இதே ஆதாரங்களைப் பார்த்து அமெரிக்காவின் இரண்டு வைத்தியர் சங்கங்கள் இரண்டு விதமாகச் சொல்கின்றன. 2020இல் ஒன்று, குறிப்பிட்ட சில வகைகளைக் கொடுக்கலாம், ஆனால் ஆதாரம் பலவீனம், வேண்டாம் என்பவர் விடலாம் என்றது. 2021இல் மற்றது, தடுப்புக்காகக் கொடுக்க வேண்டாம் என்றது. வைத்தியர் சங்கங்களே இழுபறிப்படுகிற விடயத்தில், எங்கள் கடைத்தெருவில் மட்டும் "ஒண்டும் செய்யாது, நிச்சயம்" என்று எப்படிச் சொல்ல முடிகிறது? பெட்டியில் எந்த வகைக் கிருமி, எத்தனை என்று விற்றவருக்கும் தெரியாது, வாங்கிய எங்களுக்கும் தெரியாது. அது உயிருள்ள கிருமி என்றால், எங்கள் ஊர் வெயிலிலும் கரண்ட் போகிற நேரத்திலும் அது உயிரோடு இருந்ததா என்று கேட்க எங்களுக்கும் தோன்றவில்லை.

இனி நீங்கள் கேட்கப் போகிற கேள்விகள்.

"சேர், உதவாட்டிப் பரவாயில்லை, தீங்கு இல்லைத்தானே?"

பெரும்பாலான ஆட்களுக்குத் தீங்கு செய்யாது என்பது உண்மை. ஆனால் எல்லாருக்கும் அல்ல. 2008இல் நெதர்லாந்தில், கணையம் கடுமையாக வீங்கிய நோயாளிகளுக்குக் குழாய் வழியாகப் புரோபயோட்டிக் கொடுத்தார்கள். கொடுத்தவர்களில் 16 வீதமானோர் இறந்தார்கள். கொடுக்காதவர்களில் 6 வீதம். அது வேறு நோய், வேறு நிலைமை. வீட்டில் இருக்கிற ஆச்சிக்கு அப்படி நடக்கும் என்று நாங்கள் சொல்லவில்லை. ஆனால் கடும் வருத்தத்தில் கிடப்பவருக்கும் நோய் எதிர்ப்புச் சக்தி இல்லாதவருக்கும் "நல்ல கிருமி" என்ற பெயரை நம்பி எதையும் கொடுக்கக் கூடாது என்பதற்கு அது போதும். 2018இல் 21 பேரை வைத்துச் செய்த ஒரு சிறிய ஆய்வில், அன்ரிபயோட்டிக்குக்குப் பிறகு புரோபயோட்டிக் எடுத்தவர்களின் சொந்தக் குடல் கிருமிகள் பழைய நிலைக்குத் திரும்ப, ஒன்றும் எடுக்காதவர்களைவிடக் கூடுதல் காலம் பிடித்தது. சிறிய ஆய்வுதான். ஆனால் "கட்டாயம் நல்லது" என்ற பேச்சுக்கு அது இடம் தரவில்லை.

எங்கள் வீட்டில் நடந்த தீங்கு வேறு. கப்சூல் ஆச்சியின் குடலைக் கெடுக்கவில்லை. எங்கள் புத்தியைக் கெடுத்தது. பெட்டி இருக்கிறது என்ற தைரியத்தில் நாங்கள் தண்ணீரைப் பார்க்கவில்லை, சலத்தைப் பார்க்கவில்லை, வைத்தியரிடம் போகவில்லை. இரண்டு நாள் வீணானது. 79 வயதில் இரண்டு நாள் என்பது சின்ன விடயம் இல்லை.

"அந்த ஆய்வெல்லாம் வெள்ளைக்காரரை வைத்துச் செய்தது. எங்கட உடம்பு வேற, எங்கட சாப்பாடு வேற."

இருக்கலாம். எங்கள் சாப்பாடும் தண்ணீரும் வேறுதான். ஆனால் அப்படியென்றால் வெள்ளைக்காரரின் ஆய்வைக் காட்டி எங்களுக்கு விற்கவும் கூடாது. விற்கும்போது லண்டன் ஆய்வு, கேள்வி கேட்டால் எங்கட உடம்பு வேற. இது என்ன நியாயம்?

"அப்ப தயிரும் பழஞ்சோறும் வேண்டாமோ?"

வேண்டாம் என்று யார் சொன்னது? தயிர் சாப்பாடு. பழஞ்சோறு சாப்பாடு. ஆச்சிக்குப் பிடித்தால், ஒத்துக்கொண்டால் கொடுங்கள். வருத்தக்காரருக்கு வாய்க்குப் பிடித்த ஒரு வாய் சாப்பாடு பெரிய விடயம். ஆனால் அதை மருந்து என்று சொல்லி, அதோடு கடமை முடிந்தது என்று படுக்கப் போகாதீர்கள். இன்னொன்று: சிப்ரோஃபுளொக்சசின், டொக்சிசைக்கிளின் போன்ற குளிசைகளைப் பாலோடும் தயிரோடும் சேர்த்து விழுங்கினால் மருந்து உடம்பில் சேருவது குறையும். நேரம் விட்டுக் கொடுக்க வேண்டும்.

"டொக்டரே எழுதித் தந்தவர், அதுக்கு என்ன?"

வைத்தியர் உங்கள் ஆளைப் பார்த்து ஒரு காரணத்தோடு எழுதினால் அது வேறு கதை. அவரிடம் மரியாதையாகக் கேளுங்கள்: "டொக்டர், இது இவவின்ர வயசில உதவும் எண்டு இருக்கோ? வயித்தோட்டம் வந்தா நாங்கள் என்ன செய்யவேணும்?" நல்ல வைத்தியர் கோபப்படமாட்டார். நாங்கள் சண்டை பிடிப்பது வைத்தியத்தோடு அல்ல. ஆளைப் பார்க்காமல், துண்டு இல்லாமல், இரண்டு பெட்டியைச் சேர்த்துக் கட்டி விற்கிற பழக்கத்தோடு.

உண்மையான கேள்வி இனித்தான் வருகிறது. அந்த இரண்டாவது பெட்டி ஏன் தேவைப்பட்டது? முதலாவது பெட்டியை வாங்கியதால். முதலாவது பெட்டி ஆச்சிக்குத் தேவைப்பட்டதா? யாரும் சோதிக்கவில்லை. தடிமனுக்கும் சாதாரண இருமலுக்கும் பெரும்பாலும் வைரசுதான் காரணம். அன்ரிபயோட்டிக் வைரசை ஒன்றும் செய்யாது. தேவையில்லாத மருந்தை வாங்கி, அதன் பக்கவிளைவுக்கு இன்னொரு மருந்தை வாங்கி, இரண்டும் சேர்ந்து கொண்டுவந்த வருத்தத்துக்கு ஆஸ்பத்திரிக்கு ஓடுவது. இதற்குப் பெயர் வைத்தியம் இல்லை. இது வியாபாரம், அதற்குக் காசும் கொடுத்து ஆளையும் கொடுப்பவர்கள் நாங்கள்.

அன்ரிபயோட்டிக் கெட்டது என்று யாரும் விளங்கிக்கொள்ளக் கூடாது. 2024 டிசம்பரில் எங்கள் குடாநாட்டில் எலிக்காய்ச்சல் வந்து உயிர்கள் போனதை மறந்துவிட்டோமா? வயலில் வேலை செய்பவர்களுக்குச் சுகாதாரப் பகுதியினர் டொக்சிசைக்கிளின் பற்றிச் சொன்னார்கள். அங்கே அது உயிர் காக்கிற மருந்து. நியுமோனியாவுக்கு, சலக்குழாய்க் கிருமிக்கு, வைத்தியர் சொன்னால் சொன்ன நாள் வரை எடுக்கத்தான் வேண்டும். தேவையான நேரத்தில் வேலை செய்ய வேண்டும் என்றால், தேவையில்லாத நேரத்தில் அதைத் தொடக் கூடாது. கண்டபடி குடித்தால் கிருமி பழகிவிடும். பிறகு உண்மையாகத் தேவைப்படுகிற நாளில் அதே குளிசை சும்மா மாவுதான்.

இலங்கைச் சட்டப்படி அன்ரிபயோட்டிக்கை வைத்தியரின் துண்டு இல்லாமல் விற்கக் கூடாது. 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபை என்று ஒன்றே இருக்கிறது. சட்டம் இருக்கிறது, கடையில் துண்டு கேட்கிற பழக்கம் இல்லை. கேட்டால் நாங்கள் அடுத்த கடைக்குப் போகிறோம். துண்டு கேட்கிற பாமசிக்காரரை "உவனுக்குக் கொழுப்பு" என்கிறோம். கேட்காதவரை "நல்ல மனிசன்" என்கிறோம். இந்தத் தராசைத் திருப்பிப் பிடிக்க வேண்டியவர்களும் நாங்கள்தான்.

இந்த நாட்டில் பேராசிரியர் சேனக பிபிலே என்று ஒருவர் இருந்தார். பேராதனையில் மருந்தியல் படிப்பித்தவர். 1971இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் உருவாகக் காரணமானவர். தேவையான மருந்தை மட்டும், கம்பனிப் பெயரில் இல்லாமல் மருந்தின் சொந்தப் பெயரில், ஏழைக்கும் கட்டுப்படியாகிற விலையில் கொண்டுவர வேண்டும் என்று பாடுபட்டார். கம்பனிகள் அவரை விரும்பவில்லை. 1977இல் கயானாவில் காலமானார். அவருடைய பெயரைப் பொதுஅறிவுப் பரீட்சைக்குப் பாடமாக்குகிறோம். 2022இல் ஆஸ்பத்திரிகளில் மருந்து இல்லாமல் மக்கள் அலைந்த நாட்டில் இருந்துகொண்டு, பயன் தெரியாத கப்சூலுக்குக் காசைக் கொட்டுகிறோம்.

அதே 1971இல் இன்னொரு மனிதர். கல்கத்தாவைச் சேர்ந்த திலீப் மகலனாபிஸ் என்ற வைத்தியர். வங்காளப் போரில் ஓடி வந்த அகதிகள் எல்லையோரம் பொங்காவ் முகாமில் கொலராவால் செத்துக்கொண்டிருந்தார்கள். முகாம் எப்படி இருக்கும் என்று எங்கள் இரண்டு பகுதி மக்களுக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சேலைன் முடிந்துவிட்டது. அவர் உப்பையும் குளுக்கோசையும் அளந்து தண்ணீரில் கலந்து, தாதிமார் போதாது என்று நோயாளிகளின் சொந்தக்காரர் கையிலேயே கொடுத்தார். வாயால் பருக்கச் சொன்னார். 100க்கு 30 பேர் அளவில் செத்துக்கொண்டிருந்த இடத்தில் சாவு 100க்கு 4 பேருக்கும் கீழே இறங்கியது. அந்தக் கரைசல்தான் இன்று எங்கள் கடையில் ஜீவனி என்று விற்கிறது. 2022இல் அவர் காலமானபோது எங்கள் பத்திரிகையில் எத்தனை பேர் வாசித்தோம்?

எங்கள் ஆச்சிக்கு வேண்டியிருந்தது அந்தப் பக்கெட். அது பாமசியில் அதே ராக்கையில் இருந்தது. நாங்கள் கேட்கவில்லை, அவர்கள் காட்டவில்லை. மலிவானதை யார் காட்டுவார்கள்?

சரி, என்ன செய்ய வேண்டும்? வீட்டில் முதியவர் அன்ரிபயோட்டிக் எடுக்கும்போது:

1. துண்டு இல்லாமல் வாங்காதீர்கள். "இது கட்டாயம் வேணுமோ?" என்று வைத்தியரிடம் ஒரு தரம் கேளுங்கள். முன்பு எந்த மருந்துக்கு வயிறு கழிந்தது என்று சொல்லுங்கள். இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் எடுப்பவர் என்றால் மறக்காமல் சொல்லுங்கள்.

2. வயிற்றோட்டம் தொடங்கினால் அன்றே ஜீவனி. பக்கெட்டில் எழுதிய அளவுத் தண்ணீரில் முழுப் பக்கெட்டையும் கரையுங்கள். பாதி பாதியாகக் கரைக்கக் கூடாது, சீனி சேர்க்கக் கூடாது. கொதித்து ஆறிய தண்ணீர் எடுங்கள். எங்கள் நிலம் சுண்ணாம்புக் கல். மலக்குழிக்கும் கிணற்றுக்கும் இடையில் எது ஊறி வருகிறது என்று கண்ணுக்குத் தெரியாது. ஒரே மூச்சில் கொடுக்காமல் கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி. இதய வருத்தம், சிறுநீரக வருத்தம் உள்ளவருக்கு எவ்வளவு என்று வைத்தியரிடம் கேட்டுக் கொடுங்கள்.

3. சலம் போகிற குளிசை, லொசார்டன், எனலப்ரில் போன்ற பிரசர் குளிசை, சீனி வருத்தத்துக்கான மெட்ஃபோமின் எடுப்பவர் என்றால், அன்றே வைத்தியரிடம் கேளுங்கள்: "வயித்தோட்டம், இதுகளை நிப்பாட்டி வைக்கவேணுமோ?" உடம்பில் நீர் வற்றும்போது இவை தீங்கு செய்யலாம். அன்ரிபயோட்டிக்கைத் தொடர்வதா என்பதையும் அவரிடமே கேளுங்கள். நீங்களாக எதையும் நிறுத்த வேண்டாம்.

4. வயிற்றோட்டத்தைக் கட்டுகிற லொபெரமைட் குளிசையைக் கடையில் வாங்கிக் கொடுக்காதீர்கள். டிஃபிசில் கிருமி என்றால் நஞ்சு உள்ளே தங்கி நிலைமை மோசமாகும்.

5. மலத்தில் இரத்தம், காய்ச்சல், கடும் வயிற்றுவலி, தலைசுற்று, ஆள் தெரியாமல் பேசுவது, சலம் குறைவது, வாய் உலர்வது. இதில் ஒன்று கண்டாலும் விடியும் வரை பார்த்திருக்க வேண்டாம். அந்த நேரமே ஆஸ்பத்திரி. மூன்று மாதத்துக்குள் என்ன அன்ரிபயோட்டிக் எடுத்தார் என்று சொல்லுங்கள். குளிசை மட்டையைக் கையோடு கொண்டுபோங்கள்.

6. பராமரிப்பவர் சவர்க்காரம் போட்டு ஓடுகிற தண்ணீரில் கை கழுவுங்கள். கொரோனா காலத்து ஜெல் டிஃபிசில் கிருமியின் வித்தைக் கொல்லாது.

7. இரவில் கட்டிலடியில் ஒரு கொமோட் கதிரையோ வாளியோ வையுங்கள். "எத்தனை தரம் எண்டாலும் எழுப்புங்கோ" என்று வாய் திறந்து சொல்லுங்கள். முதியவர்கள் தண்ணீர் குடிக்காதது தாகம் இல்லாததால் மட்டும் அல்ல. எங்களுக்குக் கரைச்சல் தரக் கூடாது என்ற வெட்கத்தாலும்தான். அந்த வெட்கத்தை அவர்களுக்குக் கொடுத்தது யார்?

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. உங்கள் பாசத்தில் எங்களுக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் "விலை கூடியதா வாங்கிக் குடுங்கோ" என்பது பாசத்தின் அளவுகோல் இல்லை. கனடாவில் இருந்தும் லண்டனில் இருந்தும் பெரிய போத்தல் போத்தலாகக் குடல் மருந்து வருகிறது. அந்தக் காசில் ஒரு கொமோட் கதிரை வாங்கலாம். இரவில் வந்து நிற்க ஓர் ஆளுக்குச் சம்பளம் கொடுக்கலாம். போன் எடுக்கும்போது "அம்மா, மருந்து குடிச்சனீங்களோ" என்று கேட்கிறீர்கள். "அம்மா, இண்டைக்கு எத்தனை கப் தண்ணி குடிச்சனீங்கள்" என்றும் கேளுங்கள்.

பாமசி நடத்துகிறவர்களே, உங்களில் பலர் எங்களிடம் படித்தவர்கள். கடை வாடகை, கம்பனிக்காரரின் நெருக்கடி எல்லாம் எங்களுக்கும் விளங்குகிறது. துண்டு கேளுங்கள். முதியவருக்கு அன்ரிபயோட்டிக் கொடுக்கும்போது பெட்டிக்குப் பதிலாக இரண்டு ஜீவனிப் பக்கெட்டைக் காட்டுங்கள். இலாபம் குறையும். ஆனால் "அங்க போனா உண்மை சொல்லுவினம்" என்ற பெயர் ஊரில் வரும். அது நிலைக்கும்.

எங்கள் பங்குக்கு, மேலே உள்ள ஏழையும் ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதி எங்கள் வகுப்புப் பிள்ளைகள் பிரதி எடுக்கிறார்கள். சனசமூக நிலையங்கள், கோயில், தேவாலயம், பள்ளிவாசல் எது கேட்டாலும் தருவோம். அச்சுவேலியில் முதியவர் தனியாக இருக்கும் வீடுகள் எத்தனை என்று உங்கள் ஒழுங்கையை மட்டும் எண்ணிப் பாருங்கள். எங்கள் ஒழுங்கையில் ஒன்பது.

இதில் பிழை கண்ட வைத்தியர்கள், தாதிமார், மருந்தாளர்கள் கீழே எழுதுங்கள், திருத்துவோம். எங்களுக்கு வெட்கம் இல்லை. பெட்டியை நம்பியதைவிடப் பெரிய வெட்கம் இனி வரப் போவதில்லை.

நேற்றுப் பின்னேரம் ஆச்சியைப் பார்க்கப் போனோம். கட்டிலுக்குப் பக்கத்தில் செம்பு இருந்தது. எடுத்துப் பார்த்தோம், பாதி குறைந்திருந்தது. "என்ன தம்பி, இப்ப கணக்குப் பார்க்கிறியோ?" என்று சிரிச்சா.

ஓம் ஆச்சி. இப்பதான் பார்க்கிறம்.